கவச வண்டியில் ஓர் உளவாளி

கவச வண்டி மறுபடியும் மலைக்குப் பின்னால்தான் வெடித்தது.

"ஆறாவது வாரம்," என்று கோதண்டராமன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "நாம எங்க வரோம்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுது."

வேங்கிக்காலில் இருந்த அந்த மண் பரிசோதனைக் கூடத்தில் மொத்தம் மூன்று பேர். புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மூவரும் கைப்பேசி விளையாட்டில் ஒரே வண்டிக்குள் ஏறிவிடுவார்கள். மேலாளர் கோதண்டராமன் தளபதி. 'அருணை வேங்கைகள்' என்று அணிக்குப் பெயர் வைத்தவரும் அவரே. கணினியில் வேலை பார்க்கும் செழியனிடம் பீரங்கி. வேதியியல் படித்த கீர்த்தனா ஓட்டுநர். மற்ற நேரத்தில் அவள் பேசுவது அவளுக்கே கேட்காது. வண்டிக்குள் அவள் "பிடிச்சுக்கோங்க" என்றால் மேலாளரே நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்.

அருமையான வண்டி. டாங்க் மாதிரி சுடும், பஸ் மாதிரி எட்டுச் சிப்பாய்களை ஏற்றிக்கொள்ளும், ஏரியில் விட்டால் நீந்தும். களத்தின் நடுவே ஒரு மலை, இரு பக்கமும் பாதை. சுற்றிப் போய் அந்தப் பக்கத்துப் பாலத்தைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 'பஞ்சாமிர்தம்' என்ற எதிரணி ஒவ்வொரு வாரமும் வழியிலேயே ஏவுகணையோடு காத்திருந்தது.

"யாரோ தகவல் குடுக்கறாங்க சார்," என்றான் செழியன். "எந்த வழின்னு ஓட்றவங்களுக்குத்தானே தெரியும்?"

"நான் யார்கிட்டயும் பேசறதே இல்லியே," என்றாள் கீர்த்தனா.

"அதான் எனக்கும் டவுட்டு."

"இருப்பா. அடுத்த வாரம் புகை போட்டுட்டுப் போலாம்," என்றார் கோதண்டராமன்.

போட்டார்கள். புகையில் அவர்களுக்கே வழி தெரியவில்லை, பஞ்சாமிர்தத்துக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் முழு வேகத்தில் போனார்கள். வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் முன்னதாக வெடித்தார்கள்.

அதற்கடுத்த வாரம் சிப்பாய்களை இறக்கி முன்னால் நடக்கவிட்டார்கள். பஞ்சாமிர்தம் எட்டுப் பேரையும் வரிசையாகச் சுட்டுவிட்டு, வண்டிக்காகக் காத்திருந்தது.

"கீர்த்தனா, தப்பா நெனைக்காதம்மா. இனிமே செழியன் ஓட்டட்டும்."

அவள் தலையாட்டிவிட்டு, சிப்பாய்களோடு பின்னால் போய் உட்கார்ந்தாள். செழியன் எந்த வழி என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. மலைக்குப் பின்னால் வெடித்தான்.

"அப்போ நீதானாடா அந்த ஆளு?"

"ஐயோ சார்!"

மறு வாரம் கோதண்டராமனே ஓட்டினார். மற்ற இருவரின் கைப்பேசிகளையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். தனியாகப் போனார். தனியாக வெடித்தார்.

செழியன் அவரையே பார்த்தான். "சார்..."

"டேய், என்னை நானே எதுக்குடா காட்டிக் குடுக்கப் போறேன்?"

கீர்த்தனா அவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினாள். மைக்கை அழுத்தி, ஓட்டுநர் குரலில் கேட்டாள்:

"பஞ்சாமிர்தமா? எங்க மூணு பேர்ல யாருங்க உங்க ஆளு? எனக்குத் தெரிஞ்சாகணும்."

எதிர்முனையில் ஒரு பெண் சிரித்தாள்.

"ஆளு எதுக்குங்க? நீங்க திருவண்ணாமலை, நாங்க பழனி. மலையைக் கண்டா எந்தப் பக்கமாச் சுத்துவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?"