இருமினால் வருவார் டப்பா

அடுத்தவர் எப்போது இருமுவார் என்று டப்பாவைப் போல ஆவலோடு காத்திருந்த மனிதர் திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னொருவர் கிடையாது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்பில் என் வீட்டுக்கு நேர் மேல்வீடு. பால்கனி முழுக்கக் கற்பூரவள்ளி. முதலில் பெயிண்ட் டப்பாக்களில் வைத்தார். பெயர் அப்படி வந்தது. ஒரு கிளையை ஒடித்துச் செருகினால் பிடித்துக்கொள்ளும் செடி அது. டப்பாக்கள் தீர்ந்ததும் பழைய ஹெல்மெட், ஓட்டை குக்கர், வாஷிங் மெஷினின் உள்தொட்டி என்று செருகிக்கொண்டே போனார். துணி உலர்த்த அவர் மனைவி என் பால்கனிக்கு வந்தார்.

யாராவது இருமினால் போதும், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். கையில் நாலு இலையோடு டப்பா நிற்பார்.

"வாயத் தொற சார். மென்னு முழுங்கு. துப்பினா திரும்பக் கொண்டாருவேன்."

இருமலைக் காதாலேயே தரம் பிரிப்பார். "இது பீடி இருமல். அது ஐஸ்கிரீம் இருமல். இவன் லீவு போடறதுக்கு இருமறான், பொய் இருமல். இதுக்கு இலை கெடையாது."

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் தெருமுனையிலேயே இருமி முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கஞ்சி போட்ட சட்டையும் கம்பீரமுமாக உட்கார்ந்து கேசரியை வாயில் வைத்தார். புரையேறி இருமினார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மேலே நாற்காலி நகர்ந்தது.

லுங்கியோடு வந்த டப்பா யாரையும் விசாரிக்கவில்லை. "இன்னா நைனா, நெஞ்சுல இவ்ளோ சளிய வெச்சிக்கினு கேசரி துன்ற?" என்றபடி கேசரிக்குப் பின்னாலேயே இலையையும் திணித்தார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்தான். பால்கனி பாரம் தாங்காது, டப்பாக்களை அகற்ற வேண்டும் என்று மறுநாளே உத்தரவிட்டேன். பொய். பால்கனி நன்றாகத்தான் தாங்கியது. ஓய்வுபெற்ற பேராசிரியனின் கௌரவம்தான் தாங்கவில்லை.

"சரி சார்" என்றார். வீட்டுக்கு ஒன்றாகச் செடிகளைக் கொடுத்துவிட்டார், என் வீட்டைத் தவிர.

கல்யாணம் நடந்தது. சம்பந்தி இப்போதும் ஃபோனில் முதலில் கேட்பது, "அந்த இலைக்காரர் சௌக்கியமா?" என்றுதான். எனக்கு எப்படித் தெரியும்? நான் இருமினால் மேலே நாற்காலி நகர்வதே இல்லை.

போன வாரம் மன்னிப்புக் கேட்பதென்று மாடியேறினேன். கதவைத் தட்டாமல் இருமினேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பொய் இருமல்."

கதவு திறந்தது. எண்ணெய் காயும் வாசனை.

"இதுக்கு இலை கெடையாது. பஜ்ஜி வேணா துன்னு. ஒரே ஒரு டப்பா பாத்ரூம் ஜன்னல்ல ஒளிச்சு வெச்சிக்கினு கீறேன். செக்ரட்டரி கைல சொல்லிடாத சார்."

கற்பூரவள்ளி பஜ்ஜியைக் கையில் வாங்கும்போது எனக்கு நிஜமாகவே இருமல் வந்தது. டப்பா உடனே இலை பறிக்க உள்ளே போனார்.