இரண்டாம் குளத்து மீன்களின் எடை குறித்து

அன்புள்ள தங்கை மகள் சுஹைருக்கு, மாமா மித்வல்லி ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் உன் மாமி இன்ஸாஃபும் சுகம். கழுதைக்கு மட்டும் முன்னங்காலில் வீக்கம். நீ அலெக்சாந்திரியாவில் வேளைக்குச் சாப்பிட்டு, ஆய்வுக்கூடத்துக் குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டு நலமாய் இருக்க இறைவன் அருள்வானாக.

உன் கடிதம் கிடைத்தது. கருஞ்சீரகத் தீவனம் தோற்றுவிட்டது, வரும் வியாழக்கிழமை ஆறு பேராசிரியர்கள் முன்னால் அதை நானே சொல்லப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஐந்து வருட உழைப்பு. படித்ததிலிருந்து எனக்குத் தேநீர்கூட இறங்கவில்லை. அப்படிச் சொல்லிவிடாதே, அம்மா. தப்பு தீவனத்தில் இல்லை, உன் மாமனிடம்.

முதல் குளத்துக்குச் சாதாரணத் தீவனம், இரண்டாம் குளத்துக்கு உன் தீவனம், பதினைந்து நாளுக்கொரு முறை வலை போட்டு எடையை நோட்டில் எழுதி, உனக்கும் நகல் அனுப்ப வேண்டும் என்றாய். முதல் குளத்து எடையை உள்ளபடி எழுதினேன். அந்த நோஞ்சான் மீன்களைப் பார்த்து எவன் பொறாமைப்படப் போகிறான்? இரண்டாம் குளத்து எடையைத்தான் அப்படி எழுதப் பயந்தேன். நோட்டு பம்புக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது, அடுத்த பண்ணை ஷஹாத்தா தினமும் அங்கே டீ குடிக்க வருகிறான், வாசிக்கத் தெரிந்தவன் வேறு. அவன் கண் சாதாரணக் கண்ணா? என் எருமையைப் பார்த்து "நல்லா கறக்குதே" என்றான், மறுநாளே மடி வற்றியது. அதனால் இருநூற்றைம்பது கிராம் இருந்த இடத்தில் நூற்றெண்பது என்று எழுதினேன். அவன் அதைப் படித்துவிட்டு, "என்னப்பா, டாக்டர் பொண்ணு தீவனம் இப்படிக் காலை வாரிடுச்சே?" என்றான். என் வயிறு குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் நாற்பது மீன் செத்ததாகவும் சேர்த்து எழுதிவிட்டேன்.

அங்கேதான் வினை. செத்த மீனைச் சோதிக்க வேண்டும் என்று ஐஸ் பெட்டியோடு ஆய்வுக்கூடத்து ஓட்டுநரை அனுப்பிவிட்டாய். செத்த மீனுக்கு நான் எங்கே போவேன்? ரொட்டியும் மொச்சையும் கொடுத்து அவரை வாசலில் உட்கார வைத்துவிட்டு, பின்வழியாகச் சந்தைக்கு ஓடி ஏரி மீன் நாற்பது வாங்கி வந்தேன். மாமி பார்த்துவிட்டாள்.

"ஏங்க, குளத்துல மீனை வெச்சுக்கிட்டுக் கடையில மீன் வாங்குற கூத்தை நான் எங்க போய்ச் சொல்ல?"

"எங்கயும் சொல்லாத. வாயை மூடிக்கிட்டுப் பெட்டியைப் பிடி."

அந்த மீன்களின் செவுளில் புழு இருந்ததாம். ஏரிப் புழு குளத்துக்கு எப்படி வந்தது என்று மூன்று வாரம் தூக்கமில்லாமல் தண்ணீரைச் சோதித்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்து அழுதுவிட்டேன்.

நீ படித்தவள், சிரிப்பாய். ஆனால் சில வருடம் முன்பு ஒரு கோடையில் காப்பிக்கடையில் நின்று "என் மீன் ஒவ்வொண்ணும் தட்டு கொள்ளாது" என்று வாய்விட்டேன். மூன்றாம் நாள் குளம் முழுக்க மீன் செத்து மிதந்தது. சூட்டில் தண்ணீரில் காற்று குறைந்ததுதான் காரணம் என்றாய். சரி. அன்றைக்குப் பார்த்து ஏன் குறைய வேண்டும்? அன்று முதல் எனக்கு எது அருமையோ அதைக் குறைத்துச் சொல்லியே காப்பாற்றி வருகிறேன். உன்னைப் பற்றிக் கேட்பவர்களிடமும் "ஏதோ படிக்குது" என்பேன். "ஒரு தடவையாவது நல்லா பண்ணேன்னு சொல்லுங்களேன், மாமா" என்று நீ கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நோகடித்திருக்கிறேன்.

ஆகவே அந்த நோட்டை நம்பாதே. இரண்டாம் குளத்து மீனின் எடை இருநூற்றைம்பது கிராம். செத்தது ஒன்பதுதான். பேராசிரியர்களிடம் இதைச் சொல். தபால் தாமதமாகும் என்பதால் மினிபஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அறிவும் ஆயுளும் பெருக வேண்டுகிறோம். மாமி முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
மித்வல்லி

பி.கு.: மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "இதுலயாவது உண்மையை எழுதினீங்களா?" என்றாள். இல்லை. மினிபஸ்காரன் ஷஹாத்தாவின் மைத்துனன், கடிதத்தைப் பிரித்துப் படிப்பவன் என்று பயந்து மேலேயும் குறைத்துத்தான் எழுதினேன். இனி படித்தால் படிக்கட்டும். அசல் எடை முந்நூற்றுப் பத்து. ஒரு மீன்கூடச் சாகவில்லை. இனி என் எழுத்தை நீ நம்ப வேண்டாம். புதன்கிழமையே தராசோடு வா. ஷஹாத்தாவையும் கூப்பிட்டு வைக்கிறேன், அவன் எதிரிலேயே நிறுத்துக் காட்டு. கண் பட்டால் என் மேல் படட்டும்.