நாயனக்காரருக்கு மூன்று அத்திப்பழம்

கல்யாண வீட்டில் சாம்பார் தீர்ந்துபோகும், மாப்பிள்ளையின் மாமா கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்புவார். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் மணப்பெண்ணே நாயனக்காரரின் வாயை அடைத்த கல்யாணம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. அது என் கல்யாணம். இதைச் சொல்ல நான் வெட்கப்பட வேண்டும். பாதிதான் வெட்கப்படுகிறேன். மீதி பெருமை. ஏனென்றால் அவர் வாயை அடைத்த அத்தி, கோவில்பட்டிக் கரிசலில் நான் வளர்த்த அத்தி.

அத்திப்பழம் என்றால் எனக்கு அதுவரை நாட்டு மருந்துக் கடையில் கயிற்றில் கோத்து வளையமாகத் தொங்கும் சீமை அத்திதான். மரத்திலேயே அது தட்டையாக, நடுவில் ஓட்டையோடு காய்க்கும் என்று நினைத்திருந்தேன் (நான் பி.எஸ்ஸி. தாவரவியல் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்). பாளையங்கோட்டையில் கடைசி வருஷம் படிக்கும்போது, கூடப் படித்த ஸ்டெல்லாவின் வீட்டுக் கொல்லையில்தான் பழத்தை மரத்தில் பார்த்தேன். ஒன்றைப் பறித்து, பிட்டு, கையில் கொடுத்தாள். உள்ளே ரோஜா நிறம். விதை பல்லில் நறநறவென்று கடிபட்டது. அன்று சாயங்காலமே இரண்டு கம்பை வெட்டி, ஈரப் பருத்தியில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

ஊர் முடிந்து புஞ்சை தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பருத்தியைத் தவிர வேறு எதுவும் செடியே இல்லை. கம்பைப் பார்த்ததும் சிரித்தார்.

"கரிசல்ல அத்தியா? கோடையில வெடிச்சா உள்ள கால் போயிரும். வேரு அந்து போகும்ட்டி. பழம் வேணும்னா சந்தைக்குப் போயி வாங்கிக்கோ."

அந்தச் சிரிப்புக்காகவே வளர்த்தேன். ஆழமாகக் குழி வெட்டி, சுக்கான்கல்லும் ஓடை மணலும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து போட்டேன். ஒரு கம்பு பட்டுப்போனது, ஒன்று துளிர்த்தது. குளிக்கிற தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பினேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் யார் குளித்தாலும் என் அத்திக்காகத்தான் குளித்தார்கள். கோடை வந்து மண் வெடித்ததும், முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வெடிப்பாக மணலை நிரப்பினேன். போகிற வருகிற பெண்கள், "என்னட்டி, கம்மலைத் தொலைச்சிட்டியா?" என்று கேட்டுக் கூடவே தேடத் தொடங்கினார்கள்.

மூன்றாம் வருஷம் காய்த்தது. எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்று. அதே சமயத்தில் எனக்குக் கல்யாணமும் கூடி வந்தது. மாப்பிள்ளை கயத்தாற்றுப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார்.

நிச்சயதார்த்தத்தன்று பழத்தட்டுகள் வரிசையாக இருந்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். "கல்யாணத்துக்கு எங்க வீட்டு அத்திப்பழமே வைப்போம்" என்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். அப்பா பல வருஷமாக அழைக்கிற நாயனக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊர் ஊராக வாசித்துவிட்டு வந்த பெரிய மனிதர்.

"தாயி, நான் மைசூருக்கு வாசிக்கப் போனப்ப அத்தி தின்னுருக்கேன். அது அந்த மண்ணுக்கு வரும். நம்ம கரிசல்ல அத்திப்பழம் வெளைஞ்சா, நான் நாயனத்தைக் கீழ வச்சிருதேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்த மனிதரைத் தின்ன வைக்காமல் கழுத்தை நீட்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. காய்கள் இன்னும் பச்சையாக, கல் மாதிரி இருந்தன. அதனால் என்ன? பழுக்க வைக்கத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் உண்டா? மாங்காய் என்றால் வைக்கோல், சீத்தா என்றால் கம்பந்தானிய மூட்டை, வாழைத்தார் என்றால் புகை மூட்டம். அப்போது எங்கள் வீட்டு உள்ளறையில் அந்த வருஷத்துப் பருத்தி ஆளுயரம் குவிந்து கிடந்தது. பெரிதாகப் பார்த்துப் பதினைந்து காயைப் பறித்தேன். காம்பில் பால் பொங்கி வழிந்தது (நல்ல சத்துள்ள காய் என்று சந்தோஷப்பட்டேன்). பருத்திக்குள் பொதிந்து வைத்தேன். ஆறு சின்னக் காய் தேறாது என்று மரத்திலேயே விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் எடுத்துப் பார்த்தால், தொட்டால் அமுங்கியது. தோல் கொஞ்சம் சுருங்கி, பால் வழிந்த இடமெல்லாம் பஞ்சு ஒட்டி, பதினைந்தும் சவரம் செய்யாத கிழவர்கள் மாதிரி இருந்தன. பஞ்சைப் பிய்த்து, நல்லெண்ணெய் தடவினேன். பளபளவென்று ஆகிவிட்டன. ருசி பார்க்கவில்லை. முதல் காய்ப்பு சாமிக்கும் விருந்தாளிக்கும் போன பிறகுதான் வீட்டாருக்கு என்பதில் நான் அவ்வளவு கண்டிப்பு.

கல்யாணம் நூற்பாலைப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து நழுவி, ஜன்னல் வழியாக நாயனக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. இது என்னன்னு சொல்லுங்க."

தட்டைப் பார்த்துத் திகைத்துப்போனார். "நம்ம மண்ணுலயா தாயி?"

"நம்ம மண்ணுலதான். சாப்பிடுங்க."

"தோலை உரிக்கணுமோ?"

"வேண்டாம் அண்ணாச்சி, தோலோடதான் ருசி."

ஒன்றைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மண்ணின் பெருமையை நினைத்து உருகுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். "எப்படி இருக்கு?" என்றேன். "நல்லாருக்கு தாயி" என்றார். நல்லாயிருந்தால் இன்னும் இரண்டு தின்ன வேண்டியதுதானே என்று கையில் வைத்தேன். கல்யாணப் பெண் கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று அந்த நல்ல மனிதர் அதையும் தின்றார். ஒத்து ஊதுகிறவருக்கும் இரண்டு கொடுத்தேன். தவில்காரர் மட்டும், "வாயில வெத்தலை கெடக்கு, பொறவு திங்கேன்" என்று தப்பித்தார்.

அரை மணி நேரம் கழித்து மணவறையில் உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று ஐயர் குரல் கொடுத்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

தலையைக் குனிந்திருக்க வேண்டிய நான் நிமிர்ந்து பார்த்தேன். நாயனக்காரருக்கும் ஒத்துக்காரருக்கும் உதடு இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தன. நாயனக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தன்னால் முடியாது என்று ஒரு கையை ஆட்டினார். குச்சியை ஓங்கிய தவில்காரர், தன்னைத்தான் நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து அப்படியே நிறுத்திவிட்டார்.

தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ கெட்ட சொல்லோ காதில் விழக் கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளம்? மாப்பிள்ளையின் பெரியப்பா பொடி போடுகிறவர். அந்த நேரம் பார்த்து அவர் மூக்கு விரிந்தது. கண் மூடியது. "ஹ... ஹ..." என்று ஆரம்பித்தார். அப்பாவின் முகம் செத்துப்போனது. இந்தத் தும்மல் விழுந்தால் ஆயுசுக்கும் நான் தும்மலில் தாலி வாங்கியவள்தான்.

அப்போது ஆலையில் எட்டு மணிச் சங்கு ஊதியது. ஊர் முழுக்கக் கேட்கிற சங்கு. பெரியப்பா தும்மியதை அவர் தோள் குலுங்கியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். அந்தச் சத்தத்திலேயே மூன்று முடிச்சும் விழுந்தது.

சங்கு நின்றதும் பெரியப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "என்ன ஏற்பாடு! ஆலையில சொல்லி வச்சு, சரியா முகூர்த்தத்துக்கு ஊத வச்சிருக்காவளே! சம்பந்தி வீட்டார் சாதாரண ஆளில்ல."

அப்பா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டார்.

பிறகு நாயனக்காரர் என்னிடம் வந்தார். பாயில் கிடந்த நாயனத்தைக் காட்டி, வீங்கின வாயோடு, "சொன்னபடி கீழ வச்சிட்டேன் தாயி" என்றார். அப்பா தட்டிலிருந்து ஒரு காயைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "பால் வத்தாத காயையாட்டி குடுத்த?" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. நாயனக்காரர் உதட்டுக்காக அழுதேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதற்காகவும்தான். ஆனால் கரிசலில் விளைந்த அத்தி விஷம் என்று ஊர் சொல்லிவிடுமே என்பதற்காகத்தான் அதிகம் அழுதேன்.

அப்போது என் வீட்டுக்காரர் முதன்முதலாக என்னிடம் பேசினார். "அந்தத் தட்டுல மிச்சம் இருக்கது திங்கதுக்கா, பாக்கதுக்கா?"

"பாக்கதுக்கு" என்றேன்.

ஒரு மாதம் கழித்து அப்பா பஸ் ஏறிக் கயத்தாற்றுக்கு வந்தார். கையில் தூக்குவாளி. உள்ளே, தேறாது என்று நான் மரத்தில் விட்டுவந்த ஆறும் இருந்தன. கறுத்துச் சிவந்து, கழுத்து தொங்கி, தோல் கீறி, அடியில் ஒரு சொட்டுத் தேன் நின்றது. காம்பில் துளிப் பால் இல்லை. அத்தி மரத்திலேதான் பழுக்கும், பறித்துவிட்டால் பழுக்காது என்று அப்போதுதான் தெரிந்தது (தாவரவியல்!).

"ஏட்டி, நம்ம கரிசல் காய்ச்சிருக்கு பாரு" என்றார் அப்பா. மூன்று வருஷம் சிரித்த மனிதரின் குரல் உடைந்தது. தாலி ஏறியபோதுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் இல்லை.

புகுந்த வீட்டில் கல்யாணத்தன்றிலிருந்து யார் பேசாமல் இருந்தாலும் கேள்வி எனக்குத்தான். கரண்ட் போய் ரேடியோ நின்றால், "அதுக்கும் அத்தி குடுத்திட்டியா?" என்பார்கள். கொழுந்தன் கல்யாணத்துக்கு வாசிக்க வந்த அதே நாயனக்காரர், நான் நீட்டிய பழத்தை முதலில் தவில்காரருக்குக் கொடுத்தார். அவரைச் சாயங்காலம் வரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்து, வாசிப்பெல்லாம் முடிந்த பிறகு தானும் தின்றார். போகும் வழியில் அப்பா வீட்டில் இறங்கி, மரத்திலிருந்து ஒரு கம்பு கேட்டு வாங்கிப்போனார். அவரைப் பார்த்து நாலு பேர், அந்த நாலு பேரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வாங்கிப்போனார்கள்.

எண்பதுகளின் கடைசியில், நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டுக்குச் செடி வாங்கப் போனோம். திருநெல்வேலி ரோட்டோரத்தில் ஒரு நாற்றுப் பண்ணை. என் அத்தியின் இலையை நான் எங்கே பார்த்தாலும் கண்டுகொள்வேன். வரிசையாக இருபது தொட்டியில் நின்றது.

"இது என்ன செடி?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"ஊமையத்திம்மா. நம்ம கரிசலுக்குன்னே ஆன ஜாதி. கோடை வெடிப்பெல்லாம் தாங்கும்" என்றார் பண்ணைக்காரர். "பழம் தேனா இருக்கும். ஆனா மரத்துலயே பழுக்க விடணும். முன்ன எந்தக் கிறுக்கியோ காயைப் பறிச்சு, தன் கல்யாணத்துலயே நாயனக்காரருக்குத் திங்கக் குடுத்து ஊமையாக்கிட்டாளாம். அதான் இந்தப் பேரு."

நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினேன். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னைக் கை காட்டினார்.

"அந்தக் கிறுக்கி இவதாம்யா."