கண்டியில் நான் வைத்திருந்த பெரிய வள்ளம்

கண்டி,
1996 ஐப்பசி.

அன்புள்ள மச்சான் அம்பிகைபாகனுக்கு,

உமது அத்தான் நவரட்ணராஜா எழுதிக்கொள்வது. நானும் உமது அக்கா பத்மாதேவியும் சுகம். என் வலது கால் மட்டும் சுகமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். ரொறன்ரோக் குளிர் உம்மையும் குடும்பத்தையும் அண்டாமல் கட்டுக்கலைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வாராக. எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் செய்யட்டுமா என்று இம்முறையும் கேட்டிருந்தீர். இம்முறையும் வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கண்டியில் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நடந்த பிரச்சினை முழுக்க நீர் அனுப்பும் சஞ்சிகையால் வந்தது.

பென்ஷன் எடுத்தவனுக்குப் பொழுது போகட்டும் என்று, நுரை பொங்கும் ஆறுகளில் வள்ளம் விடுகிறவர்களின் சஞ்சிகை ஒன்றுக்கு என் பெயரில் சந்தா கட்டினீரே, உம்மை என்ன சொல்ல? கண்டி வாவியில் காலால் மிதிக்கிற படகில் ஏறியே வாந்தி எடுத்தவன் நான். ஆனாலும் வழவழப்பான தாள், அட்டையில் வள்ளத்தோடு தலைகீழாய்ப் போகும் வெள்ளைக்காரன், அதைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் எனக்கு ஒரு மதிப்பு என்று நானாக நினைத்துக்கொண்டேன். உள்ளே சந்தாதாரர்களுக்கு ஒரு சாகச விளையாட்டுக் காப்புறுதி இருக்கிறது, எந்த நாட்டில் அடிபட்டாலும் வைத்தியச் செலவைத் தருவார்களாம். அதற்கு நிபந்தனைகள் என்னவென்றால் தனியாகப் போகக்கூடாது, அடையாளப் பத்திரம் நனையாமல் உடம்போடு இருக்க வேண்டும், எந்த வழியால் போய் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வாசித்துவிட்டு நான் வாயைப் பிளந்தேன். மரக்கறி வாங்கப் புறப்பட்டாலே பத்மா படலையடியில் நின்று, "இஞ்சருங்கோ, தனியப் போகாதேங்கோ, அடையாள அட்டையை எடுத்தனீங்களோ, எத்தினை மணிக்கு வருவியள்?" என்று கேட்பது இதைத்தானே. எண்பத்து மூன்று கலவரத்திலிருந்து நானும் ஒரு சாகச வீரன்தான், எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

போன கிழமை பிலிமத்தலாவையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது வழியில் இறக்கிச் சோதித்தார்கள். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்த ஆமிப் பொடியன், பிறகு சஞ்சிகையின் அட்டையைப் பார்த்தான். "ஒருவ?" என்று கேட்டான். மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு ஆமிக்காரன் என்னோடு தமிழில் பேசினது அதுதான் முதல் தடவை, அதுவும் 'ஒருவரா வந்தீர்கள்' என்று செந்தமிழில்! "ஓம் ஓம், ஒருவர்" என்றேன். "ஒருவ கெதரத?" என்றான். 'கெதர' என்றால் வீடு, அது எனக்குத் தெரியும். வீட்டிலும் ஒருவர்தானா என்று அரைத் தமிழ் அரைச் சிங்களத்தில் விசாரிக்கிறான், நல்ல பிள்ளை. நானும் அதே மாதிரி, "ஓம், கெதர ஒருவர்" என்று பத்மாவை மனதில் வைத்துச் சொன்னேன். "லொக்குத?" பெரிதா என்று கேட்கிறான். உமது அக்காவின் உடம்பும் வீட்டில் அவளுடைய அதிகாரமும் உமக்குத் தெரியாததா? "லொக்கு, லொக்கு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவன் என் விலாசத்தை எழுதிக்கொண்டான். விருந்துக்கு வரப்போகிறான் என்று நினைத்தேனோ என்னவோ, எழுத்துப் பிழை இல்லாமல் சொல்லிக்கொடுத்தேன்.

பின்னேரம் டிரக்கில் ஆறு பேர் வந்தார்கள். கட்டிலுக்கடியில் பார்த்தார்கள், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள். "ஒருவ கோ?" என்று கோப்ரல் பத்மாவை உறுக்க ('கோ' என்றால் எங்கே), அவள் என்னைக் காட்டி, "இவர் ஒருவர்தான் ஐயா, வேற ஆம்பிளையள் இல்லை" என்றாள். நல்ல வேளையாகப் பக்கத்து வீட்டு ஜமால்தீன் ஓடிவந்தார். துணிக்கடைக்காரர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "என்ன சேர் நீங்க! ஒருவ எண்டா சிங்களத்துல வள்ளம். ஊட்டுல பெரிய வள்ளமொண்டு வெச்சீக்கன் எண்டு நீங்களே சொல்லீக்கிறீங்க!" என்றார். பெரிய வள்ளம் வைத்திருக்கும் தமிழனுக்கு மகாவலிப் பாலத்துக்குக் கீழே என்ன வேலை, குண்டு வைக்கவோ என்று அவர்கள் யோசித்ததில் பிழையே இல்லை. அரசாங்க உத்தியோகத்துக்காகச் சிங்களச் சோதனையை மூன்றாந்தரம் எழுதிச் சித்தியடைந்தவன் நான், ஆனால் கச்சேரிச் சுற்றுநிருபம் ஒன்றிலாவது வள்ளம் வந்தால்தானே!

கோப்ரல் விழுந்து விழுந்து சிரித்தான். பெருந்தன்மை எனக்கும் பொங்கிவிட்டது. தேத்தண்ணி போடச் சொன்னேன், சீனி இல்லையென்று பத்மா பின்பக்கத்தால் ஜமால்தீன் வீட்டுக்குப் போனாள். கோப்ரல் பழைய சஞ்சிகைகளையும் பார்க்க ஆசைப்பட்டான். அவை அலுமாரிக்கு மேலே. வீட்டுக்காரன் நானே எடுத்துத் தருகிறேன் என்று கதிரையில் ஏறினேன். கதிரையும் நானும் ஒன்றாக இறங்கினோம், கணுக்கால் முறிந்தது. பாவம், அந்தப் பொடியன்களே என்னைத் தூக்கி டிரக்கில் ஏற்றி, ஜமால்தீனும் கூட வர, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றுப்போகும். வள்ளச் சஞ்சிகை எடுக்க ஏறி விழுந்தது வள்ள விளையாட்டில் சேருமா என்று அந்தக் காப்புறுதிக்காரரை ஒருக்கால் விசாரித்து எழுதும். தனியாகப் போகவில்லை, ஆறு பேர் காவலோடுதான் போனேன் என்பதையும் சொல்லும்.

ஆகவே மச்சான், இங்கே மனிதர் எல்லோரும் நல்லவர்கள், எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், ஸ்பொன்சரும் வேண்டாம். சந்தாவை மட்டும் நிறுத்திவிடும். பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்று, உமது சொல்லைக் கேட்டு நடக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஒற்றைக்காலில் நிற்கும் அத்தான்,
நவரட்ணராஜா

பி.கு.: எழுதியதைப் பத்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், சிரிப்பாள் என்று. அவள் சிரிக்கவில்லை. "டிரக்கிலை இருந்து கை காட்டினதை ஏன் எழுதேல்லை?" என்று கேட்டாள். சீனியோடு அவள் திரும்பி வந்தபோது வீட்டில் நான் இல்லை, உடைந்த கதிரைதான் கிடந்ததாம். ஆஸ்பத்திரி என்று அவளுக்குச் சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும்தான். செருப்பில்லாமல் பெரிய வீதி வரைக்கும் டிரக்குக்குப் பின்னால் ஓடி வந்தாள். நான் கண்டேன். பயப்படாதே என்று சிரித்துக்கொண்டு கை காட்டினேன். "கடைசியாக் கை காட்டுறியள் எண்டு நினைச்சன்" என்கிறாள். மச்சான், மேலே எழுதியதெல்லாம் கிடக்கட்டும். ஸ்பொன்சர் வேலையை உடனே தொடங்கும்.