ஏலக்காய் டப்பாவில் ஒரு ஹோர்ன்

நான் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சொதப்பினாலும் முழுசாகத்தான் சொதப்புவேன். இதை என் வாயால் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது. குண்டசாலையிலிருந்து மடுல்கெல்ல வரைக்கும் உள்ள எங்கள் சொந்தபந்தம் எல்லாம் இதை எனக்கு முன்பே ஒப்புக்கொண்டாகிவிட்டது.

ஆரம்பித்து வைத்தவர் நியூசிலாந்தில் இருக்கும் என் சேகர் அண்ணன். ஒருநாள் வீடியோவில் வந்து, "செல்வி, நீயும் மச்சானும் லீவுக்கு இங்க வாங்க. எங்களுக்கு வேலை இருக்கு, கூட வர முடியாது. என் காரை எடுத்துக்கிட்டு தெற்குப் பக்கமா ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. நம்ம ஊரு மாதிரியே இடப்பக்கம்தான் ஓட்டணும்" என்றார்.

எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வருடக்கணக்காகப் பாடசாலை, வீடு, சந்தை, மறுபடி பாடசாலை என்று ஒரே பாதையில் கார் ஓட்டுகிற டீச்சர் நான். முன்னே பின்னே தெரியாத ஒரு ரோட்டில், நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்தபோது கிளம்பி ஓட்ட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை. என் வீட்டுக்காரர் யோகராஜுக்குக் கார் ஓட்டத் தெரியாது. (எப்படி ஓட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர மட்டும் நன்றாகத் தெரியும்.) ஆகவே சாரதி நான்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை.

அப்போதுதான் அண்ணனின் தோளுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் தலை எட்டிப் பார்த்தது. "செல்வி கண்டியில ஓட்டுறா. அங்க ஸ்டியரிங் எதுக்கு இருக்கு? எல்லாரும் ஹோர்னாலதான் வண்டி ஓட்டுறாங்க. இங்க ஹோர்ன் அடிச்சா கெட்ட வார்த்தையில திட்டின மாதிரி. நாளைக்கு நான்தான் ஊருக்குள்ள முகம் காட்டணும்."

அண்ணன் தலையைச் சொறிந்தார். கடைசியில் இப்படித் தீர்ப்பானது: எங்கள் அக்கா மகள் திவ்யாவின் கல்யாணத்துக்கு இருவரும் வரப்போகிறார்கள். அன்றைக்கு அவர்களை மடுல்கெல்லவுக்கு நான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் கார்ச் சாவியைப் பற்றிப் பேச்சு. பிடிக்காவிட்டால் எங்கள் இரண்டு பேரையும் டூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களாம்.

டூர் பஸ்! கொடி பிடித்த ஒரு பெண்ணின் பின்னால் வரிசையில் நடப்பதற்கா நான் அவ்வளவு தூரம் போக வேண்டும்? பாடசாலையில் நான் பிள்ளைகளை வரிசையில் நடத்துவது போதாதா?

அன்றைக்கே ஆயத்தம் தொடங்கியது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தாயிற்று. அந்த நாட்டு வீதி விதிகளை அச்செடுத்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் மஞ்சள் கோடு போட்டுப் படித்தேன். கிரிக்கெட் மேட்ச் இல்லாத நாட்களில் பல்லேகல மைதானத்துப் பக்கம் போய், ஆளே இல்லாத ரோட்டில் யாருக்கோ வழிவிட்டு நின்றேன். பின் சீட்டில் உட்காருகிறவரும் பெல்ட் போட வேண்டும் என்று இவரைப் பின்னால் உட்காரவைத்துக் கட்டினேன். "என்னை ஏன்டி வாழைக்குலை மாதிரி கட்டுறே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

எல்லாம் சரி. ஹோர்ன்தான் சரிவரவில்லை.

எங்கள் ஊரில் ஹோர்ன் என்பது ஒரு பாஷை. சின்னதாக ஒன்று அடித்தால் 'சுகமா?' இரண்டு அடித்தால் 'ரொம்ப நன்றி.' நீளமாக அடித்தால் 'கண் தெரியலையா?' கோவில் வாசலில் அடித்தால் கும்பிடு. மலைரோட்டு வளைவில் அடித்தால் 'நான் வர்றேன், நீ கொஞ்சம் பொறு.' இத்தனையும் பேசிப் பழகிய கையை ஒரே வாரத்தில் ஊமையாக்க முடியுமா? கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் என்னைக் கேட்காமலே கை போய் அழுத்தியது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு நான் அடிக்காமல் விட்டால், பின் சீட்டிலிருந்து இவர் தன்னையறியாமல் "பீப்" என்றார்.

நான் டீச்சர். கெட்ட பழக்கத்தை எப்படி ஒழிப்பது என்று எனக்குத் தெரியாதா? பிள்ளை வகுப்பில் விளையாடினால் விளையாட்டுச் சாமானைப் பறித்து வைக்க வேண்டியதுதானே. போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, கார் பொனட்டைத் திறந்து, ஹோர்னுக்கான பியூஸை நானே கழற்றினேன். அதைக் காரிலேயே வைத்தால் மனம் சபலப்படும். சிகரெட்டை விட்டவர் பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டா திரிவார்? சமையலறையில் ஏலக்காய் டப்பாவுக்குள் போட்டு இறுக்கி மூடினேன்.

"மலைக்குப் போறப்பவாவது மாட்டிடு" என்றார் இவர்.

"அன்னிக்குத்தான் பரீட்சையே. பரீட்சையில பிட் வச்சுக்கிட்டு உட்காரச் சொல்றீங்களா?" என்றேன். (இந்த வாக்கியத்தை இவர் இன்றுவரை மறக்கவில்லை.)

கல்யாண நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்தான் பெண் மணவறைக்கு வருவாள். திவ்யாவுக்கு இருப்பது ஒரே தாய்மாமன், அது சேகர் அண்ணன். அந்தத் தாய்மாமன் என் பக்கத்துச் சீட்டில். பின்னால் அண்ணியும் இவரும். அவர்கள் மடியில் பட்டுச்சேலை, மாலை, பழத்தட்டு. காரே ஒரு சீர்வரிசை மாதிரி கிளம்பியது.

வத்தேகம வரைக்கும் நான் ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! பாதசாரிக் கடவையில் நின்றேன். திரீவீலர் குறுக்கே விழுந்தபோது புன்னகை செய்தேன். மாடு நின்றது, மாட்டுக்கும் புன்னகை செய்தேன்.

"பாத்தியா மாலினி? ஒரு தடவகூட ஹோர்ன் அடிக்கல!" என்றார் அண்ணன்.

"ம்ம். நானும் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன்" என்றார் அண்ணி. அண்ணியின் வாயிலிருந்து 'ம்ம்' வருவதே பெரிய விஷயம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனதுக்குள் ஏற்கெனவே அந்த ஊர் ஏரிக்கரையில் கார் நிறுத்திப் பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பன்வில தாண்டியதும் ரோடு ஒடுங்கியது, வளைவுகள் தொடங்கின. முன்னால் ஒரு தேயிலைக் கொழுந்து லொறி. ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஊர்ந்தது. எங்கள் மலைப்பக்கத்தில் லொறிக்காரர்கள் தங்கமான ஆட்கள். பின்னாலிருந்து ஒரு ஹோர்ன் கேட்டால் ஒதுங்கி, கையைக் காட்டி, போங்க என்று வழி விடுவார்கள். ஹோர்ன் கேட்காவிட்டால், பின்னால் வருகிறவருக்கு அவசரமில்லை என்று அவர்கள்பாட்டுக்குப் போவார்கள். இந்த லொறிக்காரரும் அவர்பாட்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன். என் பின்னால் ஒரு வேன் வந்து சேர்ந்து, விடாமல் ஹோர்ன் அடித்தது. அது எனக்கு அடிக்கிற ஹோர்ன் என்று லொறிக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கேட்டீங்களாண்ணே? எவ்வளவு பண்பாடு இல்லாத ஆளுங்க" என்றேன்.

அண்ணனுக்கு அக்கா போன் பண்ணினாள். "அண்ணே, எங்க இருக்கீங்க? ஐயர் அவசரப்படுத்துறார். தாய்மாமன் இல்லாம பொண்ண எப்படி வெளிய கூட்டிட்டு வர்றது?" அழுதுவிடுவாள் போலிருந்தது.

அண்ணன் நெளிந்தார். "சரி செல்வி, இந்த ஒரு தடவ ஹோர்ன் அடி. பரவாயில்ல."

"வேணாம்ண்ணே. பொறுமையாப் போவோம்."

"நான்தானே சொல்றேன், அடி."

"பழக்கத்தைக் கெடுத்துக்கக் கூடாதுண்ணே."

"அடிடீ!"

அழுத்தினேன். கார் வாயைத் திறக்கவில்லை. அண்ணனும் எட்டி அழுத்திப் பார்த்தார், சத்தமில்லை.

"ஹோர்ன் பழுதா?" என்றார் அண்ணி.

"பழுது இல்ல அண்ணி. நல்லா இருக்கு," என்றார் இவர், பழத்தட்டுக்குப் பின்னாலிருந்து. "ஏலக்காய் டப்பாவுல இருக்கு."

ஏதாவது செய்து மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பதறிப்போய், ரோடு சற்றே அகலமான இடத்தில் லொறியை முந்தப் பார்த்தேன். லொறியைத் தாண்டிவிட்டேன். தாண்டிய இடத்தில் வளைவு. வளைவில் மேலிருந்து இறங்கி வந்தது பஸ். நான் வருவது அதற்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லவில்லையே! பிரேக்கை மிதித்து இடப்பக்கம் வெட்டினேன். முன்சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை, சாமி புண்ணியம். மாலைகூடக் கசங்கவில்லை. ஆனால் காரின் பின்பக்கம் ரோட்டைக் குறுக்கே அடைத்துக்கொண்டது. மேலே பஸ், கீழே லொறி, லொறிக்குப் பின்னால் அந்த வேன். யாரும் எங்கும் போக முடியாது.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "ஹோர்ன் எக கோ, மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார். ஹோர்ன் எங்கே என்று கேட்டால் நான் எந்தப் பாஷையில் பதில் சொல்ல?

வேன் கதவு திறந்தது. வாழைமரம் கட்டாத குறை. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் சந்தனம். திவ்யாவின் மாப்பிள்ளை! மாத்தளையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு நேரம் என் பின்னால்தான் கத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். கானில் பாதி இறங்கித்தானே இருந்தேன், மிச்சத்தையும் இறக்கியிருக்கலாம்.

மாப்பிள்ளை நல்ல பையன். "பரவாயில்ல சித்தி" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். பஸ்ஸில் வந்தவர்கள், லொறிக்காரர், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் எல்லோரும் சேர்ந்து ஏலேலோ போட்டுக் காரைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். பட்டு வேட்டியில் சேறு. மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பானை சோறு வெந்திருக்கும்.

பஸ் ஒதுங்கிப் போயிற்று, லொறியும் ஓரங்கட்டி வேனுக்கு வழி விட்டது. அதற்கு மேலே ஒடுங்கிய ரோட்டில் வேன் என்னைத் தாண்ட வழியில்லை, நான்தான் முன்னால் போக வேண்டும். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஹோர்ன் இல்லாம இனி ஒரு வளைவும் நான் வரமாட்டேன். நடந்தே போறேன்."

அண்ணிதான் வேனை எட்டிப் பார்த்தார். "உள்ள நாதஸ்வரம் தெரியுதே. வாசிக்கிறவர நம்ம காருல ஏத்தினா என்ன?"

நாதஸ்வரக்காரர் சிவந்துபோனார். "கோவில் கோவிலா கச்சேரி வாசிக்கிறவன்ம்மா நான். என்னைய ஹோர்ன் அடிக்கச் சொல்றீங்களா?"

மாப்பிள்ளை சேறு ஒட்டிய கையால் கும்பிட்டார். "அண்ணே, இல்லன்னா எனக்கு இன்னிக்குக் கல்யாணமே நடக்காது."

அண்ணனைப் பின்னால் திணித்துவிட்டு, நாதஸ்வரக்காரர் முன் சீட்டில் ஏறி, வாத்தியத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். "என்ன ராகம்?" என்றார் விறைப்பாக.

"வழி விடுற ராகம் எதுவோ அதை வாசிங்க" என்றார் இவர்.

முதல் வளைவில் கோபமாக ஒரு ஊது ஊதினார். மேலிருந்து வந்த ஓட்டோ அப்படியே நின்றது. இரண்டாவது வளைவில் மோட்டார் சைக்கிள்காரர் ஓரமாக நிறுத்திக் கும்பிட்டார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து கையசைத்தார்கள். அதோடு மனிதருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நேர்ரோட்டிலும் நிறுத்தவில்லை. உள்ளபடியே சொல்கிறேன், இந்த வழியில் எனக்கு இவ்வளவு மரியாதையாக யாரும் வழி விட்டதில்லை.

மலையில் சத்தம் முன்னால் போகும் அல்லவா? தோட்டத்து மாரியம்மன் கோவிலில், மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று பெண்கள் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார்கள். முதலில் வந்து நின்றது என் கார். முதலில் இறங்கியவர் பட்டு வேட்டி கட்டி, கையில் பழத்தட்டு ஏந்திய என் வீட்டுக்காரர். கண்ணாடி போடாமல் வந்த எங்கள் பெரியம்மா இவரை நிறுத்தி, ஆரத்தி சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்தார். பின்னாலிருந்து யாரோ, "மாப்பிள்ளை கொஞ்சம் முத்திப் போயிருக்காரே" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இவர் வாயைத் திறந்து மறுக்கவில்லை. நின்று வாங்கிக்கொண்டார்!

அண்ணன் ஓட்டமும் நடையுமாகப் போய்த் திவ்யாவுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். தாலி ஏறியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பந்தியில் அண்ணன் தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் பேசட்டும் என்று காத்திருந்து, முடியாமல் நானே சொன்னேன்: "டூர் பஸ்லயே போட்டுடுங்கண்ணே." சொல்லிவிட்டு இலையிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன்.

அண்ணி வடையைப் பிய்த்தபடி, "எதுக்கு டூர் பஸ்?" என்றார். "ஹோர்ன் அடிக்காம ஓட்டுவாளான்னுதானே கேட்டேன்? ஓட்டிட்டா. சாவியக் குடுங்க. ஆனா செல்வி, என் காருல ஒண்ணையும் கழட்டக்கூடாது. கண்ணாடி, வைப்பர், ஒண்ணையும். சத்தியம் பண்ணு."

இலைமேல் கையை வைத்துச் சத்தியம் செய்தேன்.

போனோம். ஓட்டினேன், ஏரிக்கரையில் நிறுத்தித் தேத்தண்ணியும் குடித்தேன். அண்ணி தந்த சாவியில், அவர் கண்டியில் வாங்கிய குட்டி மர நாதஸ்வரம் ஒன்று தொங்கியது. ஒரு மலைப்பாதையில் செம்மறியாட்டுக் கூட்டம் குறுக்கே நின்றபோது இவர் அதை எடுத்து ஊதிப் பார்த்தார். ஆடுகள் விலகவில்லை, கேட்பதற்காகக் கிட்டே வந்தன.

திவ்யாவின் கல்யாண நாள் வந்தால் இவர் பாடசாலையில் இருக்கிற எனக்குப் போன் பண்ணி, "இன்னிக்கு எனக்கும் கல்யாண நாள்" என்கிறார். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். அந்த நாதஸ்வரக்காரரைத்தான் சகிக்க முடியவில்லை. கண்டிப் பக்கத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மேடையில் அவர்தான் இருக்கிறார். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதைக் கண்டால் போதும், வாசிக்கிற ராகத்தை நிறுத்தி, சின்னதாக ஒரே ஒரு "பீப்" வைக்கிறார். மண்டபமே திரும்பிப் பார்த்து எனக்கு வழி விடுகிறது.