கன்னத்தில் மஞ்சள், கையில் சுண்ணாம்பு

"ஓங்கி அறைடா!" என்று கத்தினார் யாழ்ப்பாணத்துப் பொன்னுதுரை வாத்தியார். கத்தியது அவர், உத்தரவு அவருடையதல்ல. பக்கத்தில் விறைப்பாக நின்ற ஜப்பான் வாத்தியார் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வதுதான் அவர் வேலை.

யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்ததிலிருந்து காஜா பேராங் பள்ளிக்கூடத்தில் இதுதான் சட்டம். ஜப்பான் பாடத்தில் வகுப்பு தடுமாறினால், இரண்டு பையன்கள் எழுந்து ஒருவரை ஒருவர் அறைந்துகொள்ள வேண்டும். பட்டாளத்து அதிகாரி ஒருவர் பூட்ஸ் சத்தத்தோடு வராந்தாவில் உலாத்திக்கொண்டே அதை மேற்பார்வை பார்ப்பார்.

அன்றைக்கு எழுந்து நின்றவர்கள் சேதுராமனும் கபீரும். சின்ன வயசிலிருந்து ஒரே பெஞ்சு. ஒரே மரவள்ளிக்கிழங்கு ரொட்டியைப் பிட்டுத் தின்பவர்கள். அவர்களைப் போய் அறையச் சொன்னால்? ஈ ஓட்டுவதுபோல் தடவிக்கொண்டார்கள்.

மறுநாளும் அவர்களையே எழுப்பினார் ஜப்பான் வாத்தியார்.

"நம்மளைக் கண்டாலே ஏன்டா இவருக்கு ஆகல?" என்று கபீர் முணுமுணுத்தான்.

பயத்தில் சேதுராமனின் கை நிஜமாகவே வேகமாகப் போய்விட்டது. பளார்! கபீரின் தொப்பி பின் பெஞ்சில் போய் விழுந்தது. ஜப்பான் வாத்தியார் முகத்தைச் சுளித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார். இந்த அறையும் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் சேதுராமன்.

அதைவிடப் பெரிய கவலை கபீர். மத்தியானம் அவன் ரொட்டியைத் தனியாகவே தின்றான். பிட்டுக் கொடுக்கவில்லை. சேதுராமனுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு அறை விழுந்தால் இந்த சிநேகிதம் அவ்வளவுதான்.

"கபீரு, இனிமே உனக்கு வலிக்காதுடா. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா ரத்தச் சிவப்பு. உன் கன்னத்துல மஞ்சள், என் கையில சுண்ணாம்பு. சும்மா தொட்டாலே அடிச்சுக் கிழிச்ச மாதிரி இருக்கும்."

"மஞ்சள் பூசிக்கிட்டு நின்னா எங்க உம்மா எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க" என்றான் கபீர். சொன்னானே தவிர, மறுநாள் காலையில் கன்னத்தைக் காட்டினான்.

சொல்லிவைத்தாற்போல் அன்றும் அவர்களைத்தான் எழுப்பினார். சேதுராமன் வலது கையை வீசினான். எதிரே நிற்பவனுக்கு அது இடது கன்னத்தில்தான் விழும் என்பது, வலது கன்னத்தில் மஞ்சளை அப்பிவிட்டிருந்த அந்த மேதைக்கு அப்போதுதான் உறைத்தது. கபீரின் இடது கன்னத்தில் ஐந்து விரலும் வெள்ளை வெளேரென்று பதிந்துவிட்டன.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பதறிப்போன கபீர் சுண்ணாம்பைத் துடைத்த கையாலேயே மறு கன்னத்தையும் துடைத்தான். மூக்கு, மோவாய், காது எல்லாம் ஆரத்தித் தட்டுப்போல் சிவந்தன. உதவிக்குப் போன சேதுராமனின் சட்டையும் சிவந்தது.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்த அதிகாரி, ரத்தக்களறியைக் கண்ட திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜப்பான் வாத்தியார் கிட்டே வந்தார். கபீரின் கன்னத்தைத் தொட்டு விரலை முகர்ந்தார். சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. கோபம் தலைக்கேறிவிட்டது என்று சேதுராமன் முடிவே கட்டிவிட்டான். பிறகு அவர் பொன்னுதுரை வாத்தியாரின் காதில் ஏதோ சொன்னார்.

பள்ளி விட்டதும் இருவரையும் நிறுத்திவைத்தார்கள்.

"சார், யோசனை என்னுது. இவனை வீட்டுக்கு அனுப்பிடுங்க!" என்று விம்மினான் சேதுராமன்.

"இல்ல சார், கன்னம் என்னுது! என்னைக் கொண்டுபோங்க!" என்று முன்னால் வந்து மறித்தான் கபீர்.

பொன்னுதுரை வாத்தியார் வராந்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்பிடாதேங்கோடா! மற்றப் பொடியங்களை எழுப்பினால் நிசமாகவே பல்லை உடைச்சுப் போடுவாங்கள், நீங்கள் ரெண்டு பேர்தான் ஒருத்தனை ஒருத்தன் அடிக்க மாட்டீங்கள் எண்டுதான் அந்த மனுசன் தினமும் உங்களையே எழுப்புறார்!"