தணிகாசலக் கரடி சாக்ஸபோனில் தேறிய கதை

ஒரு காட்டில் தணிகாசலம் என்றொரு கரடி இருந்தது. அடிவாரத்து விடுதியில் கல்யாணத்துக்கு வாசிக்க வந்த பேண்டு கோஷ்டி, யானையைக் கண்டு ஓடியபோது போட்டுவிட்டுப் போன சாக்ஸபோன் அதற்குக் கிடைத்தது. கறையான் புற்றில் வாய் வைத்து ஊதிப் பழகிய உதடு, காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சத்தம் மட்டும், கதவிடுக்கில் வால் மாட்டிக்கொண்ட கழுதையின் சத்தமாக வந்தது.

ஒரே வாரத்தில் காடு பொறுமை இழந்தது. புகார் மனு கொடுக்கப் பஞ்சாயத்து வாசலில் நீண்ட வரிசை. மூன்று நகல், இரண்டு சாட்சி. வரிசையில் நின்ற முயல் ஒன்று திடீரென்று கேட்டது:

"ஏங்க, நாம இப்படிச் சேர்ந்து நின்னா சிறுத்தை வந்து ரெண்டு பேரைத் தூக்கிட்டுப் போகுமே. ஒரு வாரமா ஆளையே காணோமே?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தூரத்தில் தணிகாசலம் வாசித்துக்கொண்டிருந்தது. மனுக்களை மடித்து வைத்துக்கொண்டு கலைந்தார்கள். அன்று மாலையே பஞ்சாயத்துத் தலைவி, காட்டெருமை வேலாயி, கரடியைக் கூப்பிட்டு, "இனிமே தினமும் சாயங்காலம் வாசி. நாளுக்கு ஒரு தேனடை" என்று உத்தரவு கொடுத்தாள். காரணம் சொல்லவில்லை.

தணிகாசலத்துக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. நம் வாசிப்பை இத்தனை பேர் விரும்புகிறார்களே, இவர்களுக்கு இந்த லட்சணத்தில் வாசிக்கலாமா என்று அதற்கு வெட்கமாக இருந்தது. நேரே ஹெலன் மந்தியிடம் போனது. ஹெலன் கைப்பேசியில் இசைப்பாட வீடியோ போடுகிறவள். எந்த வீடியோவிலும் பளபளவென்று ஒரு சாக்ஸபோன் அவள் மடியில் இருக்கும்.

"அண்ணே, சீவாளியைக் கடிக்காதீங்க, அது கரும்பு இல்ல. கன்னத்தை உப்பாதீங்க. அடிவயித்துலேர்ந்து ஊதுங்க. ஒரே சுரத்தை மூச்சு தீர்ற வரைக்கும் பிடிங்க."

"பாட்டு எப்பம்மா?"

"ஆறு மாசம் போகட்டும்."

கரடி ஆறு மாதமும் விடியற்காலையில் சுனைக்கரைக்குப் போய், தண்ணீரில் தன் வாயைப் பார்த்தபடி ஒரே சுரத்தை ஊதியது. ஹெலன் கொடுத்த பழைய கைப்பேசியில், சுருதி பார்க்கும் செயலியில் சிவப்பு விளக்கு எரிந்தால் மறுபடி முதலிலிருந்து. உதடு வீங்கியது, தேனடைகூடச் சாப்பிட முடியவில்லை. ஒரு நாள் காலை பச்சை விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. சுரம் எங்கும் உடையாமல் பள்ளத்தாக்கின் அக்கரை வரை போய் நின்றது. தணிகாசலத்துக்கு மயிர் சிலிர்த்தது. கரடிக்கு அது சின்ன விஷயமில்லை.

அன்று சாயங்காலம் சிறுத்தை வந்தது. பாறைமேல் உட்கார்ந்து கச்சேரி முடியும்வரை கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டது. போகிற வழியில் ஒரு மிளா மானைத் தூக்கிக்கொண்டு போனது.

"என்னப்பா தணிகாசலம், இப்படிப் பண்ணிட்டியே!" என்றாள் வேலாயி மறுநாள்.

"எங்கேயாவது தப்பா வாசிச்சிட்டேனாம்மா?"

"தப்பா வாசிக்கலைங்கிறதுதான் புகாரே. உன்னை எதுக்கு வெச்சிருந்தோம்னு நினைச்சே?"

அப்போதுதான் கரடிக்கு விஷயம் விளங்கியது. செத்துப்போன மிளாவை நினைத்து ஒரு பக்கம் துக்கம். ஆறு மாத உழைப்பை நினைத்து மறுபக்கம் அதைவிடப் பெரிய துக்கம். அதற்காகவும் தன்மேலேயே கோபம்.

"இன்னிக்குப் பழையபடி வாசிச்சுடறேன்" என்று வாக்குக் கொடுத்தது. சீவாளியைக் கடித்தது. கன்னத்தை உப்பியது. குழலுக்குள் இரண்டு பிடி மணலைக்கூடப் போட்டது. எப்படிக் கெடுத்தாலும் ஒரு நயம் வந்து ஒட்டிக்கொண்டது. "ஆகா, புது பாணி!" என்று தலையாட்டிய சிறுத்தை, அன்று இரண்டு முயல்களோடு வீடு திரும்பியது.

பஞ்சாயத்து கரடியை வேலையிலிருந்து நீக்கியது. புது ஆளுக்கு விண்ணப்பப் படிவம் அச்சாகி வந்தது. 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இருத்தல் கூடாது' என்று போட்டிருந்தது. தணிகாசலமும் பெயரை மாற்றி எழுதிக்கொண்டு வரிசையில் நின்றது. ஒரே ஊதலில் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வேலை ஹெலன் மந்திக்குக் கிடைத்தது. அவள் அதுவரை சாக்ஸபோனில் வாயே வைத்ததில்லை. முதல் ஊதலில் மரங்கொத்தி மரத்திலிருந்து விழுந்தது. சிறுத்தை இரண்டு மலை தாண்டி ஓடியது. காடே கைதட்டியது.

தணிகாசலம் சாக்ஸபோனைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே இரண்டு மலையைத் தாண்டிப் போனது. காதில் பஞ்சு அடைத்து உட்கார்ந்திருந்த சிறுத்தை, கரடியைப் பார்த்ததும் பஞ்சை எடுத்தது. கரடி வாசித்தது. சிறுத்தை கண்ணை மூடிக் கேட்டது.

"எல்லாம் நல்லா இருக்குண்ணே. மேல்சுரம் மட்டும் ஒரு இழை இறங்குது."

ஆறு மாதத்தில் அதன் வாசிப்பை இப்படிக் காது கொடுத்துக் கேட்டவர் யாருமில்லை. கரடிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நாளைக்கும் வாங்க" என்றது சிறுத்தை. "ஆனா தனியா உட்கார்ந்து கேட்க நல்லா இல்ல. நாலு பேரைக் கூட்டிட்டு வந்தா கச்சேரி களை கட்டும்."

தணிகாசலம் கொஞ்ச நேரம் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது:

"மான்களைக் கேட்டுப் பார்க்கறேன்."

நீதி: வேலை வேண்டுமென்றால் பயிற்சி செய்யாதீர்கள். ரசிகர் வேண்டுமென்றால், அவர் என்ன சாப்பிடுவார் என்று விசாரிக்காதீர்கள்.